கரி சொன்ன சூடு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். வியாழக்கிழமை எங்கள் ஆலையில் உலை மூடி வெடித்து, வெல்டர் அண்ணன் போய்விட்டார். பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே ஷிஃப்ட். முகத்தைப் பார்க்க அவர் மனைவியைக்கூட விடவில்லை.

மரத்தூளைக் காற்றுப் படாமல் வேகவைத்தால், நானூறு டிகிரிக்குக் கீழே கரிதான் மிஞ்சும். ஐந்நூறில் எங்கள் ஆலைக்கு வேண்டிய எண்ணெய் நிறைய இறங்கும். எழுநூறைத் தொட்டால் அந்த எண்ணெயும் உடைந்து வாயுவாகி மூடியை முட்டும். சோதனைச்சாலைக்காரி உன்னிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

அன்று ஐந்நூறில்தான் ஓட்டினேன். பதிவேட்டில் மணிக்கு மணி இருக்கிறது. ஐந்நூறில் தானாக வெடிக்காதாம். வெல்டர்தான் ஓடுகிற உலையைத் திறந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் பேச்சு. செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

உன் தம்பி

ஜூன் 11

செல்லத் தம்பிக்கு,

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் மனைவி புலம்பினாள். பட்டினி கிடந்து யாரைத் தண்டிக்கிறாய்?

அந்த உலையில் மிஞ்சிய கரி என் மேசைக்கே வந்திருக்கிறது. டப்பாவில் எண்ணும் தேதியும் மட்டும்தான்; தேதியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐந்நூறில் வெந்த கரியை மறுபடி சூடாக்கினால் இன்னும் புகை விடும். இதில் பேருக்குத்தான் புகை வந்தது. மூன்று தடவை செய்துவிட்டேன். எழுநூறுக்குக் குறையாமல் வெந்த கரி இது.

பதிவேட்டின் நகலும் கூடவே வந்தது. எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரே மை, ஒரே சாய்வு. காலையிலேயே உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிவிட்டாய், இல்லையா?

பதினெட்டாம் தேதி நான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 15

அக்கா,

ஆமாம், நிரப்பினேன். மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பன்னிரண்டுக்குக் கிளம்பினேன், திரும்பி வருவதற்குள், இரண்டு அடித்துச் சற்று நேரத்தில், வெடித்துவிட்டது. இங்கே எல்லோரும் முன்னாலேயே எழுதி வைக்கிறவர்கள்தான். எழுதியதைத் திருத்தினால் மேலாளரின் கையெழுத்து வேண்டும், கூடவே அரைமணி நேரத் திட்டு.

உண்மை தெரிந்தால் என்னை உள்ளே வைத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் நான் கோட்டை விட்டபோது அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள்தானே நீ? இப்போது என்ன அரிச்சந்திரன் வேஷம்? ஐந்நூறு என்று எழுது. மாட்டாயென்றால் எனக்கு அக்காவே இல்லை.

ஜூன் 18

தம்பிக்கு,

எழுநூறு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ என் தம்பி என்பதை மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் வேறு ஆளை வைத்துப் பார்த்தார், அந்த ஆளுக்கும் எழுநூறுதான் வந்தது.

வெல்டரின் மனைவி சோதனைச்சாலைக்கு வந்திருந்தார். "ஓடுற உலையத் திறக்குற ஆளா மேடம் அவரு? வீட்டுல குக்கரைக்கூட ஆவி அடங்கினாத்தான் தொடுவாரு" என்றார். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. கோழைத்தனம்தான்.

நீ திட்டு, வந்து அடி, வாங்கிக்கொள்கிறேன். உன்னை வளர்த்த கையாலேயே இதைச் செய்தேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

உன் அறிக்கையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கரிக்கு அது தெரியாது.

நான் கிளம்பும்போதே முள் அறுநூறைத் தாண்டிவிட்டது. வெல்டர் அண்ணன்தான் காட்டினார். "மீட்டர் ஏறுதே, பாத்தியா?"

"அது பழசுண்ணே, எப்பவும் கூடத்தான் காட்டும். மூடியில கசிஞ்சா ஒரு திருகு திருகி விடுங்க. வந்துடறேன்."

நெருப்பைக் குறைத்துவிட்டு நின்று பார்த்திருக்கலாம். பதிவேட்டில் ஐந்நூறு என்று எழுதியாயிற்று, அதைத் திருத்தி மேலாளரிடம் போய் நிற்க வேண்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் அக்கா. நான் சொன்னதற்காகத்தான் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த மூடிக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்.

நேற்று விசாரணையில் இதையெல்லாம் நானே சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எப்பவும் சொல்லுவாருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நாளை என்னை அழைத்துப் போகிறார்கள். நீ பார்க்க வராதே. உன் மேல் கோபம் எதுவும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

தம்பி