பிசிறு வெட்டாத ரெக்கை

அன்புள்ள அனுசுயாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? போன்ல சொன்னா சிரிச்சே என் மானத்தை வாங்கிருவே, அதனால இதை எழுதறேன்.

இங்கிலாந்துல இப்ப நாங்க பழசைப் புதுப்பிச்சுத் துணி போடறது முதல் உலகப்போர்ல சண்டை போட்ட ஒரு விமானத்துக்கு. ஒத்தை ஆள் ஓட்டறது. ரெக்கை மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. உள்ளே மரச்சட்டம், மேலே வெறும் லினன் துணி. இதை நம்பி ஏறிப் போய்ச் சுட்டுக்கிட்டிருக்கானுங்க பாரு!

தையல் மேல ஒட்டற நாடாவை எங்கிட்டக் குடுத்தாங்க. ரெண்டு ஓரமும் ஒரே பிசிறு. முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிக் கை சும்மா இருக்குமா? நீ குடுத்துவிட்ட குட்டிக் கத்திரியில அத்தனையும் வெட்டி, பெருமையா நீட்டினேன். சூப்பர்வைசர் ஹெலன் தலையில கை வெச்சுட்டாங்க. பிசிறு வேணும்னே உருவி விட்டதாம். வார்னிஷ் பூசறப்போ அது துணியோட படிஞ்சு பிடிச்சுக்குமாம். இல்லேன்னா காத்து ஓரத்தைக் கிளப்பிருமாம். வேலை போச்சுன்னே நெனச்சேன். புது நாடா குடுத்து, உக்காந்து நூல் உருவச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

உருவறப்போ நம்ம கம்பெனிதான் கண்ணுல நின்னுச்சு. நீ செக்கிங் டேபிள்ல பிசிறு வெட்டுவே. நான் ஓவர்லாக் மெஷின்ல உக்காந்து உன்னையே பாத்துத் தையலைக் கோணலா விடுவேன்.

அடுத்த மாசம் பல்லடத்துக்காரர் ஒருத்தர் இங்க வர்றார். பருப்புப்பொடியும், நீ தெச்ச பனியன் ரெண்டும் குடுத்துவிடு.

ஹெலன் கூப்பிடறாங்க. பனியன்ல பிசிறு வெட்டிராதே, அப்படியே அனுப்பு. ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து வெட்டிக்கறேன். உன் கத்திரிக்கு இங்க வேற வேலையே இல்லை.

மாதவன்