லான்மாஸ்டர் பெட்டிக்குப் போன கதவுப் பலகை

பண்டத்தரிப்பு
7.2.93

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் கொழும்பில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், றோட்டுச் சோதனைகளில் ஒரு தொல்லையும் படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரவுச் செபம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் கடிதம் கொண்டுபோகிற கிளாலிப் படகைச் சாட்டலாம், ஆனால் உண்மை அதல்ல, செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு எழுதுவோம் என்றுதான் இருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் சீதன வீட்டுக் கதவுகளுக்கென்று அப்பா அந்தக் காலத்தில் வன்னியிலிருந்து கொண்டுவந்து வைத்த முதிரை மரப் பலகைகளை அறுத்து, எங்கள் லான்மாஸ்டர் உழவு மிசின் இழுக்கிற பெட்டிக்குத் தளமாகப் போட்டாயிற்று. செய்தது நான். மாமி உனக்கு எழுதப்போகும் கடிதத்தில் அப்பாவையும் சேர்த்துத் திட்டுவார், நம்பாதே.

பெட்டியின் பழைய பலகை உக்கிப்போனது உனக்குத் தெரியும், நீ போகும்போதே ஒரு மூலையால் றோட்டுத் தெரிந்தது. போன மாதம் அப்பா வட்டுக்கோட்டையிலிருந்து சங்கானைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போகும்போது நடுப்பலகை இரண்டும் முறிந்து, மூட்டை கிழிந்து, வெங்காயம் வழிநெடுகக் கொட்டுப்பட்டிருக்கிறது, இந்த மனுஷன் ஒருதரமாவது திரும்பிப் பார்த்தால்தானே. கேட்டால், இண்டைக்கு மிசின் நல்லாய் இழுக்குது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு போனனான் என்கிறார். அதன் பிறகு ஒருவரும் எங்கள் பெட்டியில் மூட்டை ஏற்றவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றவும் பயந்தார்கள். மிசின் நின்றால் இங்கே அடுப்பும் நிற்கும், கொட்டாஞ்சேனையில் உன் அறையும் போய்விடும். பலகைக்கு எங்கே போவது, காட்டு மரம் வருவதில்லை, பனை தறிக்கவும் அனுமதி வேண்டும், கிடைக்கிற ஒன்றிரண்டும் குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குப் போகிறது. சிமியோன் ஓடாவி வாளும் உளியும் இருந்த பையோடு வந்து, கீழே குனிந்து தட்டிப் பார்த்து, சட்டம் நல்ல இரும்பு தங்கச்சி, பலகைதான் வேணும், என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் சாத்தியிருந்த உன் பலகைகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நீளவாட்டில் போட அவை சரிவராது, குறுக்கே போட்டால் ஏழடியில் இரண்டு துண்டு அளவாக வரும். ஆனால் அறுத்தால் பிறகு அது கதவுக்கு உதவாது, அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் செபஸ்தியம்மா மாமி, தம்பியின் வீட்டில் தனக்கில்லாத உரிமையா என்று, காலையிலேயே வந்து, முற்றத்தில் எடுத்துவைத்த பலகை அடுக்கின் மேல் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். என்ரை மருமோளின்ரை கதவிலை வாள் வைக்கிறதெண்டால் முதல் என்ரை துடையிலை வை, என்று சத்தம். சிமியோன் சிரித்துக்கொண்டு, அக்கா எழும்புங்கோ, இல்லாட்டி உங்களையும் சேர்த்துத்தான் பெட்டியிலை பூட்டவேணும், என்றார். அப்பா மிசினுக்குப் பின்னால் ஒளித்திருந்து ஒயில் பார்த்தார், அதில் பார்க்க ஒயிலும் இல்லை. படிச்ச திமிர் உனக்கு, என்று மாமி என்னைப் பார்த்துச் சொன்னார். ஓம் மச்சாள், படிச்சதாலைதான் ஏழை இரண்டாலை பிரிக்கத் தெரியுது, என்றேன். அவர் அசையவில்லை. மத்தியானம் கோயில் மணி அடித்தது. திரிகாலச் செபத்துக்கு உன் மாமி இருந்தபடி இருப்பாரா, எழும்பிக் கோயில் பக்கம் திரும்பி முழந்தாளிட்டுக் கண்ணை மூடினார். நானும் செபம் சொன்னேன், வாய் மாதாவிடம், கை பலகையில். அவர் ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது பலகை ஓடாவியின் கட்டையில் கிடந்தது, என் கால் அதன் மேல், வாள் பாதி இறங்கிவிட்டது. மணி அடிக்கேக்கை களவெடுக்கிறியே, என்று கத்தினார். என் பலகையை நானே களவெடுப்பதெப்படி என்று கேட்கவில்லை, மூச்சு வாங்கியது, முதிரை அவ்வளவு வைரம்.

பழைய ஆணிகளையே கழற்றித் தட்டி நிமிர்த்தி, மழைத்தண்ணீர் இறங்க விரலிடை விட்டுப் பூட்டி, கழிவு ஒயில் பூசினோம். அந்த நேரம் பார்த்து, உனக்குப் பேசியிருக்கிற பாரிஸ் மாப்பிள்ளையின் தாய் லூர்த்தம்மா வந்தார். கதவில்லாத வீட்டை நம்பி என்ரை பொடியனுக்கு எப்பிடிக் கலியாணம் செய்யிறது, என்றார். உங்கடை பொடியன் பாரிசிலை, அவன் இங்கை வந்து கதவு சாத்தப்போறானே, என்று கேட்டேன். போய்விட்டார், தேத்தண்ணீரும் குடிக்கவில்லை.

இப்போது நீ நினைப்பாய், பெட்டிக்காகவா அம்மா என் கலியாணத்தைக் குழப்பினார் என்று. பெட்டிக்காகத்தான், ஆனால் பெட்டிக்காக மட்டுமில்லை. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்க மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டு, ஆள் அனுப்புகிற ஏஜென்சியோடு ஏறி வா என்கிறான் அவன், அதற்கு நீ, உங்கள் விருப்பம் அம்மா, என்று எழுதியிருந்தாய். ஆசிரியர் கலாசாலை முடித்து மன்னாரில் எனக்கு நியமனம் கிடைத்த கிழமை அம்மப்பா கலியாணம் பேசி எழுதினார், நானும் உங்கள் விருப்பம் என்றுதான் பதில் போட்டேன். அப்பாவில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியை நான் மிதிக்கவேயில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் சம்மதம் என்று பொருளில்லை என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. உன் வாழ்க்கையில்தான் வாளை வைத்தேனோ என்று நெஞ்சு இடிக்கிறது. இடித்தாலும் அறுத்தது அறுத்ததுதான், அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், நீயும் மாமிக்கு மன்னிப்பு எழுதாதே.

அடையாள அட்டை இல்லாமல் பக்கத்துக் கடைக்கும் போகாதே, இருட்டுமுன் அறைக்கு வந்துவிடு, காலையில் சாப்பிடாமல் படிக்கப் போகாதே. இதைக் கொண்டுவரும் நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் ஒரு கிழமை அங்கே நிற்பார், பதிலை அவரிடமே கொடு. அதில் உங்கள் விருப்பம் என்று மட்டும் எழுதாதே. ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. ஓம் என்றால் லூர்த்தம்மாவின் வாசலுக்கு நானே போய், கதவில்லாத வீடுதான், விருப்பமென்றால் பெண் கேளுங்கள் என்பேன். இல்லை என்றால் அதையும் நானே போய்ச் சொல்வேன். எதுவானாலும் அப்பா மிசின் ஓட்ட, அந்தப் பலகையில் ஏறி நின்றுகொண்டுதான் போவேன்.

மாதா உன்னை ஒருபோதும் கைவிடமாட்டா.

உன் அம்மா,
எமில்டா அருட்பிரகாசம்