அப்பா வெளுத்த சட்டை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு இன்னும் கொஞ்சம் குண்டாகியிருப்பாய் என்று நம்புகிறேன். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

தம்பி இன்னும் உள்ளேதான். குத்துப்பட்டுக் கிடந்தவரைத் தூக்கிவிட்டவனை எதுக்கும்மா பிடிச்சாங்கன்னு போனில் அழுதாயே, எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன், நான்தான் இப்போ பாதி வக்கீல் ஆச்சே. முதலில் போலீஸ் பிடிக்கும், மாஜிஸ்ட்ரேட் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் காவலில் வை என்பார், ஜாமீன் கேட்டால் கிடையாது, அப்புறம் குற்றப்பத்திரிகை, பெரிய கோர்ட், சாட்சி, நடுநடுவே வாய்தா மேல் வாய்தா. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம்தான், நாம இல்லைம்மா என்றார் நம் வக்கீல். அப்போ என் புள்ள எதுக்கு சார் உள்ள இருக்கான்னு கேட்டேன், மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். குத்துப்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப்போனார், தூக்கினவனே குத்தினவன் ஆகிவிட்டான்.

எல்லாம் அந்தச் சட்டையால் வந்தது. அன்றைக்கு ரத்தச் சட்டையை நம் லாண்டரித் தொட்டியோரம் கழற்றிப் போட்டுவிட்டுத் தம்பி படுத்துவிட்டான். கறையைக் கண்டால் உன் அப்பா கை சும்மா இருக்குமா, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கசக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டார். போலீஸ்காரர் வந்து சட்டையைக் கேட்டதும் வாடிக்கைக்காரருக்குக் கொடுப்பது போல மடிப்புக் கலையாமல் நீட்டினார். குத்தினவன் என்றால் ரத்தம் முன்பக்கம் தெறித்திருக்குமாம், தூக்கிச் சுமந்த கறை தோளில் இருந்திருக்குமாம், அதுதான் நம் பிள்ளைக்குச் சாட்சியாம், நம் வக்கீல் சொல்கிறார்.

நேற்று அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கறை தோள்லதாங்க இருந்துச்சு என்று ஒழுங்காகத்தான் சொன்னார். அரசு வக்கீல் சட்டையைத் தூக்கிக் காட்டி, அப்போ ஒரு பொட்டுகூட மிச்சமில்லையே, எப்படின்னு கேட்டார். என் கைபட்டா எப்படிங்க மிச்சமிருக்கும் என்றார் உன் அப்பா! கோர்ட்டே சிரித்தது, பாவி நானும் சிரித்தேன். அப்போ மறைக்கிறதுக்குக் கெட்டிக்காரர்தான்னு அந்த வக்கீல் சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இனி பெரிசா நம்பிக்கை வெச்சுக்காதீங்கம்மா என்று நம் வக்கீல் படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்.

நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடு, நூறாயுசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, போன் பண்ணும்போது உங்க மேல தப்பில்லப்பான்னு அப்பாவிடம் சொல்லிவிடாதே. நேற்று நான் சொன்னேன், அப்போது தட்டைத் தள்ளி வைத்தவர் இன்னும் தொடவில்லை.

இப்படிக்கு,
உன்னைவிட அழகான அம்மா