மலைவண்டி ஹாரன் கேட்டால்

அக்கா,

காலையில் ஒரு தரகர், நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைத் திறந்து யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். "பழங்காலத்துத் தெரு சார், அழகான ஏரியா. பஸ் ஸ்டாண்டு ரெண்டு நிமிசம். இன்னா வேணும் சொல்லுங்க, எல்லாம் பக்கம்." சுவர் வழியே கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இங்கே குடிவைக்க நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள்.

திருநாவலூரிலிருந்து வந்த எனக்கு இந்தத் தெருவின் அழகு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. குழாயடியை மறித்து லாரி நிற்கும். பஸ் பிடிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கக்கூசுக்கு நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். மரத்தூண் அழகுதான், உத்தரத்திலிருந்து சோற்றில் மண் விழும். குறை சொன்னால் உங்களுக்குக் கோபம் வந்துவிடும். "மெட்ராசுல கூட இந்த வசதி கெடையாது, போ!"

இந்தத் தெருக்காரர்கள் யாரும் பஸ்ஸுக்கு முன்கூட்டிக் கிளம்பியதே இல்லை. ஹாரனை வைத்தே எந்த வண்டி என்று தெரியும். கேட்ட பிறகுதான் எழுந்திருப்பது. நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மலைமேல் உங்கள் அம்மா ஊருக்குப் போகும் வெள்ளிமலை வண்டியின் ஹாரன் யார் காதில் முதலில் விழுந்தாலும் மற்றவருக்குச் சுவரைத் தட்ட வேண்டும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட வாரத்தில்தான் வெள்ளிமலையில் உங்கள் அம்மாவுக்கு முடியாமல் போனது. வடக்கனந்தல்காரர் ஒருவர் ஜீப்போடு வந்து நின்றார். "வாங்கம்மா, ஊருக்குள்ள பூந்து போயி மேல வுட்டுடறேன்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான்தான் சொன்னேன்: "எங்கியாவது மாட்டிக்கினு நிக்காதீங்கக்கா. நாளைக்கு பஸ்ஸு வுட்டுடுவாங்க. வூட்டாண்டதான வண்டி?" வந்த நாளிலிருந்து திட்டிய தெருவை அன்றைக்கென்று நம்பித் தொலைத்தேன்.

அந்த ஜீப் மத்தியானத்துக்குள் மலை ஏறிவிட்டதாம். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தீர்கள். நான்காம் நாள் ஹாரன் கேட்டது, சுவரைத் தட்டினேன். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? "வண்டி வுடலன்னா நீ இன்னா பண்ணுவே" என்று காபியை நீட்டினீர்கள். இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. அதற்குப் பிறகும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெருமைதான் உங்களுக்கு!

இப்போது எங்கே போவதானாலும் நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடுகிறேன். தெருவே சிரிக்கிறது. ஆனால் கை மட்டும் திருந்தவில்லை. தரகர் பேசிக்கொண்டிருக்கும்போதே மலைவண்டி ஹாரன் அடித்தது. சுவரைத் தட்டிவிட்டேன்.

"யாருங்க அது?" என்று உங்கள் கூடத்திலிருந்து அந்தத் தரகர் கேட்கிறார், அக்கா.