பக்கத்து சீட்டில் கிடந்த துண்டு

ராஜபாளையம்

அன்பு மகள் எப்சிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் ஜாஸ்மினும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் கிறிஸ்டோ மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்திலும் ராத்திரி ஜெபத்திலும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ டூட்டிக்கு நேரமாச்சு என்கிறாய், நீ ஆரம்பித்தால் நான் அழுதுவிடுகிறேன், கடைசியில் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது பார். பரிபூரணம் அக்கா மருமகள் விஜி அடுத்த வாரம் டப்ளினுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். பால்கோவாவும் வாங்கினேன், பால் சாமானை அந்த ஊருக்குள் விடமாட்டார்கள் என்று விஜி எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அது வீணாகவில்லை, உன் அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டே தின்று தீர்த்துவிட்டார்.

எப்சி, போன மாதம் உன் மதினி ஜாஸ்மினைப் பெண் கேட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், எங்க அண்ணன் அதுக்குள்ள பழசாயிட்டானா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு என்னிடம் பேசுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், ஜாஸ்மினிடம் மட்டும் பேசுவதில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் துணி மடிக்கிறாள். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டுபோன பிள்ளை வினோத் பெட்டியில் திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்து அழுதோம். நீ வந்து இறங்கும்போது அடக்கம் முடிந்திருந்தது, உனக்குக் கிடைத்தது மண்மேடுதான். நீ அழ வேண்டியது உனக்குள்ளேயே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஆனாலும் அது கிடக்கத்தான் செய்யும்.

பெண் கேட்ட பையன் யார் என்றுகூட நீ கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். பெயர் பிரேம்குமார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். தகப்பன் இல்லாத வீடு, தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து முடிக்கும்போது இவனுக்கு வயசு ஏறிவிட்டது. அந்த ஊர் சபையில் பாட்டுக்குழுவில் இருக்கிறான். நேரே நம் வீட்டுக்கு வரத் தயங்கி, போதகர் ஐயா மூலமாகக் கேட்டு விட்டான். ஜாஸ்மினிடம் கேட்டால், மாமா என்ன சொல்லுதாங்களோ அதுதான் என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய் நன்றாக இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குடும்ப முகாம் வந்தது. இந்த வருஷம் நம் சபையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையும் சேர்ந்து, குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குள் டென்ட் போட்டுத் தங்குவது என்று முடிவு பண்ணியிருந்தார்கள். உன் அப்பா வரமாட்டேன் என்றார், ஜாஸ்மின் அவருடைய ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்ததும் பேசாமல் வந்துவிட்டார். டென்ட்டுக்குள் அவர் நுழைந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், காலை முதலில் விடுவதா தலையை முதலில் விடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே செத்த நேரம் நின்றார். முதுகுவலி என்று இரண்டு பேரும் விடிய விடியப் புலம்பினோம். மலைமேல் பாட்டும் ஜெபமும் சாட்சியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது அந்தத் துண்டைப் பற்றி.

நம் வினோத்தின் நீலக் கட்டம் போட்ட துண்டு உனக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வந்து திரும்புவதற்கு முன்னாலேயே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு நம் எல்லோருக்கும் இடம் பிடித்துவிடுவான். கல்யாணமான புதிதில் ஜாஸ்மினுக்கு ஒரே வெட்கம், இப்படியா சீட்டுப் பிடிப்பார்கள் என்பாள். அவன் போனதிலிருந்து அந்தத் துண்டு உன் அப்பா தோளில்தான் கிடக்கிறது. போகிற இடத்திலெல்லாம், கோவில் ஆராதனையில் ஆகட்டும், கல்யாண வீட்டில் ஆகட்டும், ஜாஸ்மினுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு வைத்துவிடுவார். யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்கள். முகாமுக்குப் போன வேனிலும் அப்படித்தான் வந்தது, ஜாஸ்மினும் அதைத் தொடாமல் ஒதுங்கியே உட்கார்ந்து வந்தாள். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, கேட்டால் உனக்குத் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் தேக்கடி ஏரியில் படகில் போவது என்று ஏற்பாடு. நம் ஊரில் கண்மாயில் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம், அங்கே மலைக்கு நடுவே அம்புட்டுத் தண்ணீர், காலை வெயிலில் பச்சையாகக் கிடந்தது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. வினோத் இருந்தால் போட்டோ எடுத்தே போனில் இடமில்லாமல் பண்ணியிருப்பான். ஆரஞ்சு நிறத்தில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள், உன் அப்பாவுக்கு வாரை மாட்டத் தெரியவில்லை, ஜாஸ்மின்தான் மாட்டிவிட்டாள். சீட்டுக்கு நம்பர் இருந்தது, நம் ஆட்கள் ஒரே கூட்டமாக ஏறியதில் யார் நம்பரைப் பார்த்தார்கள். ஓரத்தில் நான், அடுத்து உன் அப்பா, அவருக்கு அடுத்து ஜாஸ்மின், அவளுக்கு அடுத்த சீட்டில் கையை நீட்டித் துண்டைப் போட்டுவிட்டார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஒரு ஆள் மட்டும் நிற்கிறது. பிரேம்குமார். வயசானவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறியிருக்கிறான், இருந்த ஒரே இடம் துண்டு கிடந்த இடம்தான்.

படகுக்காரர் வந்து பார்த்தார். ஒரு ஆள் நின்றாலும் படகை எடுக்கமாட்டேன், அது சட்டம் என்றார். இந்த சீட்டு யாருக்கு, ஆள் எங்கே, என்று அந்த மனுஷன் சாதாரணமாகக் கேட்டார். அவருக்கு என்ன தெரியும் பாவம். இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. போதகர் ஐயா எழுந்து தன் இடத்தைக் கொடுக்கப் பார்த்தார், அப்போதும் ஒரு ஆள் நிற்கத்தானே வேண்டும். ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பையன்தான் மெதுவாக, நீங்க போயிட்டு வாங்க, நான் கரையில இருக்கேன் என்று சொல்லி மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்துக்கொண்டு திரும்பினான். முகத்தில் வருத்தமோ கோபமோ காட்டவில்லை. அவன் ஒரு காலைக் கரையில் வைத்துவிட்டான் எப்சி. அப்போது உன் அப்பா கையை நீட்டித் துண்டை எடுத்தார். “ஏலே, வந்து உக்காரு. படகு கெளம்பணும்லா” என்றார். வினோத் போன பிறகு அவர் வாயிலிருந்து ஏலே என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

படகு போயிற்று. கரையில் யானை குட்டியோடு நின்றது, எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்துப் படகுக்காரரிடம் திட்டு வாங்கினார்கள். பிரேம்குமார் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான், ஜாஸ்மின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். உன் அப்பா துண்டைத் தோளில் போடாமல் மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் அழுதேன், தண்ணீர் தெறித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேனில் திரும்பும்போது யாரோ யானையைப் பற்றிப் பேச, ஆனை எப்போ வந்துது என்று உன் அப்பா என்னைக் கேட்டார்.

இறங்கியதும் மேட்டுக்குப் படி ஏற வேண்டும். அந்தப் பையன் கை கொடுத்தான், உன் அப்பா வாங்கிக்கொள்ளவில்லை, ஜாஸ்மின் கையைத்தான் பிடித்தார். நான் பின்னாலேயே வந்தேன், அதனால் காதில் விழுந்தது. பாதிப் படியில் நின்று அவள் கேட்டாள், “மாமா, இனி நான் உங்கள எப்படிக் கூப்பிட?” அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “அப்பான்னு கூப்பிடு தாயி. அவன் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு” என்றார். இரண்டு பேரும் கையை விடாமல் அந்தப் படியிலேயே நின்றார்கள். பின்னால் ஏறி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கல்யாண அறிவிப்பு ஓலையை நம் சபையில், நம் வீட்டுப் பெண்ணாகவே வாசிக்க வேண்டும் என்று உன் அப்பா போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டார். தேவதானத்தில் இருக்கும் அவள் அண்ணனும் சரி என்றுவிட்டான். எனக்கு மனசார சந்தோஷம் என்று சொன்னால் பொய். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும் அவள் ஸ்கூட்டி சத்தத்துக்குத்தான் நான் காப்பி வைப்பேன், இனி எதைக் கேட்டு வைப்பேனோ தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தோம், அவன் கொண்டுவந்த பிள்ளையையும் அனுப்பப் போகிறோம். ஆனால் முப்பது வயசுப் பெண்ணைத் துண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பது பாவம், வினோத்தே அதைச் சகித்திருக்க மாட்டான்.

விஜி கொண்டுவரும் பையில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் பார். அந்தத் துண்டு இருக்கும். நான் வைக்கவில்லை, உன் அப்பா வைத்தது. நாம அவன் முகத்தப் பாத்து அழுதுட்டோம், எப்சிப் பிள்ளைக்கு அழுறதுக்கு ஒண்ணுமில்ல, இது அவகிட்ட இருக்கட்டும் என்றார். துவைக்காமல்தான் அனுப்பியிருக்கிறோம். அழ வேண்டியதை அழுதுவிடு மகளே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அழு, தனியாக உட்கார்ந்து அழாதே. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே.

உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உங்கள் இரண்டு பேர் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் உங்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார். ஒன்றே ஒன்று மறக்காதே. வருகிற மாதம் முதல் ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள், அதற்கு முன்னால் ஜாஸ்மினுக்கு ஒரு போன் போடு. மதினி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்குச் சட்டென்று வராது, எனக்குத் தெரியும். அக்கா என்று கூப்பிடு. அவள் போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஞானரத்தினம் நேசையன்