ரெய்னோவின் கடைசிப் பத்து டாலர்

பராகா, மார்ச் 21

அன்பு மகள் ஐனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டூசான் வெயிலில் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்துக்கு நின்றுகொண்டே உருளைக்கிழங்கு சீவினாள். எனக்குப் பனி தள்ளும் லாரி வேலை இந்த மாதத்தோடு குறைந்துவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல வந்தது உன் தம்பி ரெய்னோவைப் பற்றி, அவன் அடுத்த அறையில் இருக்கிறான், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த ஆன்லைன் போக்கர் போனஸ் விஷயத்தை அவனுக்கு விளக்கினாயே, நானும் காபி குடித்துக்கொண்டு கேட்டேன். நாம் அறுநூறு டாலர் போட்டால் கம்பெனியும் அறுநூறு தருவதாகச் சொல்லும், ஆனால் உடனே கையில் தராது, ஆடி ஆடிப் பாயிண்ட் சேர்த்தால் பத்துப் பத்து டாலராக அவிழ்த்துவிடும், அறுபது நாளில் முடிக்காவிட்டால் மிச்சம் போய்விடும். சின்ன டேபிளில் மட்டும் ஆடு, கைக்காசில் பாதி போனால் மிச்ச போனஸைத் தலைமுழுகிவிட்டு எழுந்துவிடு என்றாய். நீ சொன்னதில் முன்பாதிதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஜனவரியில் மர மில்லில் ஆளைக் குறைத்தபோது அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பனியில் ஓட்டும் அவன் ஸ்னோமொபைல் வண்டியை விற்று அதில் அறுநூறைப் போட்டான். முதல் மாதம் நன்றாகத்தான் போனது, சும்மா படுத்துக்கிடப்பதற்கு இது தேவலை என்று அம்மாகூடச் சொன்னாள். பிப்ரவரி கடைசியில் நாள் குறைந்துகொண்டே வந்தது, போனஸ் பாதிதான் கைக்கு வந்திருந்தது. சின்ன டேபிள்ல பாயிண்ட் எறும்பு மாதிரி ஊருதுப்பா என்று சொல்லிப் பெரிய டேபிளுக்குப் போனான். அங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி எடுக்கும் பங்கு பெரிது, அதனால் பாயிண்ட் வேகமாக ஏறும், ஆனால் காசும் அதே வேகத்தில் இறங்கும். இரண்டே நாளில் நானூறு போனது. அப்போதாவது எழுந்திருக்க வேண்டாமா? இப்ப விட்டா போனஸும் போச்சு, போட்டதும் போச்சுன்னு ஆயிடும்பா என்றான், விற்ற காசில் இன்னும் ஐந்நூறைப் போட்டான். எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை, சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலுக்கும் வருவதில்லை. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று போனை எடுத்துக்கொண்டு உறைந்த விரிகுடாவில் ஐஸ் மேல் இருக்கிற நம் மீன்பிடிக் குடிலுக்குப் போக ஆரம்பித்தான்.

போன செவ்வாய் மதியம் பக்கத்து வீட்டு டுவேன் போன் செய்தான். ரே, எல்லாரும் குடிலைக் கரைக்கு இழுத்துட்டாங்க, உன்னோடது மட்டும்தான் நிக்குது, பையன் உள்ள இருக்கானா என்ன என்று கேட்டான். இரண்டு நாளாகத் தெற்குக் காற்று, ஐஸ் இளகிச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. கடப்பாரையால் தட்டித் தட்டித்தான் நடந்தேன், சில இடத்தில் ஒரே குத்தில் தண்ணீர் வந்தது. கதவைத் திறந்தால் துரை அடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மீன் பிடிக்க ஐஸில் போட்ட துளையிலிருந்து தண்ணீர் பொங்கி அவன் பூட்ஸைச் சுற்றி நிற்கிறது. எழுந்திருடா என்றேன். இன்னும் நாப்பது பாயிண்ட்தான்பா, ஒரு மணி நேரத்துல டைம் முடியுது, கடைசிப் பத்து டாலர் என்றான். நீ வராம நான் போகமாட்டேன் என்று நானும் உட்கார்ந்தேன், அவனைக் கிளப்பத்தான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் ஐனா, உன்னிடம் மறைப்பானேன், உட்கார்ந்த பிறகு நானும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முப்பத்தெட்டு, முப்பத்தைந்து என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, சீக்கிரம் ஆடுடா என்றுகூடச் சொன்னேன். அப்போதுதான் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தேன். கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு விரிசல், கறுப்புத் தண்ணீர், முதலில் ஒரு முழம்தான், நாங்கள் கிட்டே போவதற்குள் இரண்டு முழம் ஆகிவிட்டது. குதிடா என்று கத்துகிறேன், அவன் கட்டைவிரல் அப்போதும் திரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்பா, சீட்டு நல்லா வந்திருக்கு என்றான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன், பின்னாலேயே நானும் தாண்டினேன், ஒரு கால் முழங்கால்வரை நனைந்தது. கரையேறி லாரியில் ஹீட்டர் போட்டு நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அவன் மீதிப் பாயிண்ட்டையும் அங்கேயே ஆடி முடித்தான். கடைசிப் பத்து டாலரும் வந்தது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, பாத்தியாப்பா, அக்கா கணக்கு சரியா இருந்துச்சு என்று சிரித்தான். எல்லாம் கழித்துப் பார்த்தால் முப்பது டாலர் லாபம். மறுநாள் காலை குடில் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர், அலை அடித்துக்கொண்டிருந்தது.

அவன் தோற்றிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. இப்போது அவனுக்கு அது ஜெயித்த கதை, டுவேனிடம் கூடச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான். வேறு ஒரு கம்பெனி ஆயிரம் டாலர் போனஸ் தருகிறதாம், முப்பதே நாளாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் தருவார்கள் என்பதால் அம்மா பெயரிலும் ஒரு கணக்குத் திறக்கலாமா, அவள் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் போதும் என்று நேற்று கேட்டான். அது விதிப்படி தப்பு என்று எனக்கே தெரியும். அம்மா முடியாது என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நீ கணக்குச் சொல்லாதே, கணக்கில் அவன் உன்னையே மடக்கிவிடுவான். நீயே இதை ஆடின காலத்தில், இரண்டாவது தடவை நூற்றெழுபது டாலர் போனஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாயே, அன்றைக்கு எனக்குப் போன் செய்து அழுதாயே, அதை அவனுக்குச் சொல். அக்கா எதையும் விட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என் பேச்சு அவன் காதில் ஏறாது, உன் பேச்சு ஏறும். முடிந்தால் ஈஸ்டருக்கு வா, டிக்கெட்டுக்கு நான் தருகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், கர்த்தர் உங்கள் கூடவே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், என்னிடம் பேச வேண்டாம், நேராக அவனைக் கூப்பிட்டுப் பேசு. அம்மாவின் டிரைவிங் லைசென்ஸை என் சட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், அவள் இன்னும் தேடவில்லை.

உன் அப்பா,
ரே கேங்காஸ்