பாதிச் சவரமும் ஒரு கைமாத்தும்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன், இன்று விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. அப்பாவின் ரிப்பேர் கடைதான் ஓடவில்லையே, மூடிவிட்டு இருவரும் இங்கே வந்துவிடுங்கள், டிக்கெட் போடுகிறேன் என்றாயே, போட்டுவிடாதே, முதலில் இதைப் படி.

நம் தெருக் கடைக்காரர்கள் சங்கம் சொந்தமாக நோட்டு அடித்திருக்கிறது. சங்கத்தில் பணம் கட்டினால் அதே மதிப்புக்குப் பச்சை நோட்டு தருவார்கள், நம் தெருவில் மட்டும் செல்லும், பெரிய கடைகளுக்கு ஓடுகிற காசு இங்கேயே சுற்றட்டும் என்றுதான். கைக்குக் கை மாறுகிற பணம் என்று மருந்துக்கடைக்காரர் அதற்குக் 'கைமாத்து' என்று பேர் வைத்தார். வினையே அந்தப் பேரில்தான். உன் அப்பாவைத் தெரியாதா, கடன் என்று காதில் விழுந்தாலே எழுந்து போகிறவர். மின்விசிறி ரிப்பேருக்கு ரொட்டிக்கடை அக்கா அந்த நோட்டை நீட்டினால், "காசு இல்லேன்னா பரவாயில்லம்மா, கைமாத்தெல்லாம் நமக்கு ஆகாது" என்று சும்மாவே செய்து கொடுத்தார். நான் எடுத்துச் சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார். அப்புறம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை சவரத்துக்குப் போனார். பாதி முடிந்தபோது சலூன்காரர், "சில்லறை இல்லண்ணே, கைமாத்து வச்சிருக்கீங்களா" என்று கேட்டிருக்கிறார். "நான் யாருக்கும் பாக்கி வச்சதில்லடா" என்று இவர் எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழ, மறு கன்னம் நுரை, கழுத்தில் சலூன் துண்டு, தெரு நடுவே விறுவிறுவென்று வருகிறார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ரொட்டிக்கடை அக்காதான் வழிமறித்து, "அண்ணே, இது கடனில்ல, உங்க கூலி, திருப்பித் தரவே கூடாது" என்று நோட்டைச் சட்டைப்பையில் திணித்தார். திருப்பித் தரக் கூடாது என்றதுதான் மண்டையில் ஏறியது. திரும்பிப் போய் மறு கன்னத்தை முடித்துக்கொண்டு அதையே கொடுத்தார். சாயங்காலம் சலூன்காரர் தன் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கூலிக்கு அதே நோட்டு, மூலையில் நுரைக்கறையோடு. அப்பா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "அட, காலையில போனது வீட்டுக்கு வந்துடுச்சே" என்றார். அன்றிலிருந்து கடையில் கால் வைக்க இடமில்லை சின்னு. வருகிறவர்கள் உட்காரத் தச்சரிடம் பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறோம், அதுவும் கைமாத்தில்தான். மூடுகிற பேச்சே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் முறைத்துக்கொண்டு நிற்காதே. இருவரும் நிறைவாக இருக்க அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். நுரைக்கறை நோட்டை இதோடு வைத்திருக்கிறேன், அப்பாதான் வைக்கச் சொன்னார். உன் ஊரில் அது வெறும் காகிதம். நம் தெருவுக்கு வந்தால்தான் செல்லும், அதுவும் இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான். டிக்கெட்டை உங்கள் இருவர் பேரில் போடு.

இப்படிக்கு,
பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே எழுதும்
அம்மா